தம்பியைப் படம் எடுக்கிறேன், அவன் வேண்டாம் என்கிறான் – டொனால்ட் ராட்னி பற்றிய படங்களைப் பார்த்தவர்கள் உண்டா?

மூன்றாம்_பெஞ்ச்

வணக்கம். சென்னையில் நுண்கலை இறுதியாண்டு படிக்கிறேன். ஊர் உசிலம்பட்டிப் பக்கம்.

என் தம்பிக்கு வயது 15. தாலசீமியா மேஜர் என்ற பரம்பரை ரத்த நோய். கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போய் ரத்தம் ஏற்றிக்கொண்டு வருகிறான். எங்கள் வீட்டுக் காலண்டரில் பேனாவால் வட்டம் போடுவது அந்த நாளுக்கு மட்டும்தான். அதற்கு முந்தின இரண்டு நாளும் முகம் வெளுத்துப்போய்ச் சுவரில் சாய்ந்தே இருப்பான். ஏற்றிய மறுநாள் காலையில் என்னிடம் சண்டைக்கு வருவான். சண்டைச் சத்தம் கேட்டால்தான் அம்மா அடுப்படியில் நிம்மதியாக வேலை பார்ப்பார்.

பதினொரு மாதமாக இதையெல்லாம் போனில் எடுத்துவருகிறேன். 14 மணி நேரம் சேர்ந்திருக்கிறது. இதிலிருந்து 20 நிமிடப் படம் ஒன்றை இறுதியாண்டுப் படைப்பாகக் கொடுக்க வேண்டும். எங்கள் பேராசிரியர் ஒரு புகைப்படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். கறுப்பர் ஒருவரின் உள்ளங்கை, அதன் நடுவில் குட்டி வீடு. அறுவை சிகிச்சையில் எடுத்த தன் தோலையே வைத்து அந்த வீட்டை அவர் செய்தாராம். டொனால்ட் ராட்னி என்ற பிரிட்டிஷ் கலைஞர், பரம்பரையாக வந்த அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவர். அவரைப் பற்றி ஜான் அகோம்ஃப்ரா எடுத்த ‘தி ஜீனோம் க்ரானிக்கிள்ஸ்’ படத்தையும் சில நிமிடம் ஓட்டினார். விளக்கம் சொல்லும் குரல் இல்லை. நோயின் பெயரைக்கூட எவரும் எடுத்துச் சொல்வதாகத் தெரியவில்லை. எனக்குப் பாதி புரியவில்லை, ஆனால் அன்று இரவு தூக்கமும் வரவில்லை.

“அங்கே நிறம், இங்கே சாதி. அப்படியே பொருத்திவிடு, படம் கனமாகிவிடும்” என்றார் பேராசிரியர். அதில்தான் எனக்கு எரிச்சல். பொருந்தாது என்று சொல்லவில்லை. வார்டில் ஒரு டாக்டர் அப்பாவிடம், “நீங்கள் எந்த ஆட்கள்? சொந்தத்தில் கட்டினீர்களா?” என்று ஒரே மூச்சில் கேட்டார். அப்பா இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார். சொந்தம்தான். அம்மாவின் தாய்மாமன்தான் அப்பா. அதாவது, அம்மாவைப் பெற்ற பாட்டி அப்பாவுக்கு உடன்பிறந்த அக்கா. அந்தப் பாட்டி இன்றுவரை, “இது என் வீட்டுக்காரர் வழியில் வந்த ரத்தம், எங்கள் வம்சத்தில் இது கிடையாது” என்று செத்துப்போன தாத்தாவின் மேல் பழியைப் போட்டுவருகிறார். அம்மா, அப்பா இருவரிடமும் அந்தக் குறை இருந்தால்தான் பிள்ளைக்கு நோய் முழுதாக வரும் என்கிறார்கள். அப்பாவுக்கு அது எந்த வழியில் வந்திருக்கும் என்று பாட்டியிடம் கேட்க எங்கள் வீட்டில் எவருக்கும் துணிச்சல் இல்லை.

போன மாதம் வார்டில் போனை எடுத்தவுடன் தம்பி தலையணையை முகத்தில் வைத்துக்கொண்டு, “என்னை எடுக்காதே, பாட்டிலை எடு” என்றான். (ரத்தம் பையில்தான் வருகிறது. ஆனாலும் எங்கள் பக்கம் எல்லோரும் பாட்டில் என்றுதான் சொல்வோம்.)

அந்தப் படங்களை முழுதாகப் பார்த்தவர்கள், நோயைச் சொல்லாமலே அவர்கள் எப்படிச் சொன்னார்கள் என்று எழுதுங்கள். நான் செய்வது தப்பா என்பதையும் சொல்லுங்கள். திட்டினாலும் சரி.

பழைய_புரொஜக்டர்

திட்டுவதற்கு முன் கொஞ்சம் வரலாறு. கோவையில் 22 வருடம் திரைப்படச் சங்கம் நடத்தியவன் நான். வரலாறு சொல்லாமல் படம் போட்டதே கிடையாது. ஆட்கள் வராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ராட்னி 1961இல் பிறந்தார். பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். வளர்ந்தது பர்மிங்காமை ஒட்டிய ஸ்மெதிக். அந்த ஊர்ப் பெயரை நினைவில் வை. 1964 பொதுத்தேர்தலில் வெளிப்படையான நிறவெறிப் பிரச்சாரத்தால் பேர்பெற்ற தொகுதி அது. மறு வருடம் பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் நேரில் வந்து அங்கே மார்ஷல் தெருவில் நடந்தார். வெள்ளையர் அல்லாதவர்களுக்கு அந்தத் தெருவில் வீடு கிடைக்காதபடி செய்ய முயற்சி நடந்துகொண்டிருந்தது. அப்போது நம் ஆளுக்கு மூன்று வயது. வீடு என்ற சொல் அவருடைய படைப்புகளில் திரும்பத் திரும்ப ஏன் வருகிறது என்று கேட்பவர்களுக்கு நான் இந்தத் தெருவைக் காட்டுவேன்.

நாட்டிங்ஹாமில் படித்தபோது கீத் பைப்பர், எடி சேம்பர்ஸ் ஆகியோரோடு சேர்ந்து பிஎல்கே ஆர்ட் குரூப் என்ற கறுப்பினக் கலைஞர் குழுவில் இயங்கினார். அதே காலத்தில், 1982இல், போர்ட்ஸ்மத்தில் படித்த வேறு சில இளைஞர்கள் பிளாக் ஆடியோ ஃபிலிம் கலெக்டிவ் என்ற குழுவைத் தொடங்கினார்கள். அகோம்ஃப்ரா அந்தக் குழுவில் ஒருவர். ஆகவே படம் எடுத்தவர்களும் எடுக்கப்பட்டவரும் ஒரே தலைமுறை, ஒரே சண்டையில் நின்றவர்கள். வெளியிலிருந்து வந்து நோயாளியைப் பார்த்து இரக்கப்பட்டவர்கள் இல்லை. நீ தேடும் பதிலில் பாதி இங்கேயே இருக்கிறது.

படங்கள் இரண்டு. ‘த்ரீ சாங்ஸ் ஆன் பெயின், லைட் அண்ட் டைம்’ 1995இல் வந்தது, அந்தக் குழுவின் ட்ரெவர் மாதிசனும் எட்வர்ட் ஜார்ஜும் எடுத்தது. ராட்னி உயிரோடு இருந்தார். இரண்டாவது நீ பார்த்தது, 2008. ராட்னி 1998 மார்ச்சில், 36 வயதில் இறந்துவிட்டார். பிறகு அகோம்ஃப்ராவின் தாயும் இறந்தார். தாய் போனபின் ஸ்காட்லாந்துத் தீவுகளுக்குப் போய்த் தான் எடுத்தவற்றோடு, ராட்னி தன் கையாலேயே சூப்பர் 8 ஃபிலிமில் எடுத்து வைத்திருந்தவற்றையும் சேர்த்துக் கோத்த படம் அது. ‘ஜீனோம்’ (மரபணுத் தொகுப்பு) என்று பெயர் வைத்தவர் பாடம் நடத்தவில்லை. ஒருவருக்கு நண்பன் போனதும் தாய் போனதும் ஒரே துக்கமாகக் கலந்துவிடுகிறது. பெற்றவளிடமிருந்து வருவதையும் கூட இருந்தவனிடமிருந்து வருவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். நீ பார்த்த சில நிமிடங்களில் அது புரியாது.

இனம் பற்றி ஒரு சேதி. 1910இல் சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் என்ற டாக்டர் ராட்னிக்கு இருந்த அரிவாள் செல் நோயை முதன்முதலாக எழுதி வைத்தார். நோயாளி கிரெனடா தீவிலிருந்து வந்த பல் மருத்துவ மாணவர். அதன்பின் பல வருடம் அமெரிக்க மருத்துவர்கள் இதைக் ‘கறுப்பர் ரத்தத்தின்’ அடையாளமாகவே எழுதினார்கள். கிரேக்கர், இத்தாலியர் எவருக்காவது வந்துவிட்டால், முன்னோரில் எங்கோ கறுப்புக் கலப்பு இருக்கும் என்று குடும்பத்தைச் சந்தேகப்பட்டார்கள். உன் பாட்டியும் அதைத்தான் செய்கிறார். அவரைக் கட்டாயம் படத்தில் வை.

பின்னணியில் வயலின் போட்டுவிடாதே. கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இருட்டறை

தம்பி, லண்டனில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. 19 வருடம் ஆகிறது. அதற்கு முன் சொந்த ஊரான திருச்சியில், நிஜமாகவே இருட்டறைக்குள் நின்று ஃபிலிமைக் கழுவிக் கிளிப்பில் தொங்கவிட்ட கடைசித் தலைமுறை. புனைபெயர் அதனால்தான். கலை பற்றி எனக்குப் பெரிதாகப் பேசத் தெரியாது. எலும்பு பற்றித் தெரியும்.

ராட்னியின் கண்காட்சி 2025இல் இங்கே வைட்சாப்பல் கேலரிக்கு வந்தது. பிரிஸ்டலிலும் நாட்டிங்ஹாமிலும் வைத்துவிட்டுக் கடைசியாக இங்கே. இரவுப் பணி முடிந்து, தூக்கக் கலக்கத்தோடு போனேன். உள்ளே ஆளில்லாத சக்கர நாற்காலி ஒன்று தானாக ஊர்ந்துகொண்டிருந்தது. ‘சாம்ஸ்’ என்று பெயர், 1997இல் செய்தது. சுற்றும், வளையும், யாராவது குறுக்கே வந்தால் ஒதுங்கிக்கொள்ளும். தன் கண்காட்சியின் தொடக்க நாளுக்கு வர முடியாதபடி உடம்பு கெட்டிருந்தவர் தனக்குப் பதிலாக அனுப்பியது. எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? “நோயாளியை இறக்கிவிட்டு பிரேக் போடாமல் போனது யார்?” கையை நீட்டிப் பிடிக்கப் போய்விட்டேன். பக்கத்தில் நின்ற பெண் சிரித்தார். மூன்றாவது முறை போனபோதும் கை தானாக நீண்டது.

அந்தத் தோல் வீட்டின் புகைப்படத்துக்குப் பெயர் ‘என் தந்தையின் வீட்டில்’. கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்த எனக்கு, “என் பிதாவின் வீட்டில் அநேக வாசஸ்தலங்கள் உண்டு” என்ற வசனம் உடனே காதில் விழுந்தது. வீட்டுக்கே தனிப் பெயர் உண்டு: ‘என் தாய், என் தந்தை, என் சகோதரி, என் சகோதரன்’. கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். தோல் காய்ந்து வெங்காயச் சருகு போல ஆகியிருந்தது. சுவர்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது, தையல்காரர் வைத்திருக்கும் குண்டூசி. தும்மினால் விழுந்துவிடும் போல இருந்தது. நோயைக் கொடுத்த குடும்பத்துக்கு அதே நோய் அறுத்தெடுத்த தோலில் ஒரு வீடு. அதில் கோபம் இருக்கிறதா, பாசம் இருக்கிறதா என்று வெகுநேரம் பார்த்தேன். இரண்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன். அவருடைய தந்தை இறந்தபோது, ஜமைக்கா வழக்கப்படி நடக்கும் ஒன்பது இரவுச் சடங்குக்குப் போக உடல்நிலை அவரை விடவில்லை. கடைசிக் கண்காட்சிக்கு அந்த ஒன்பது இரவையே பெயரில் சேர்த்தார்.

இனி எலும்பு. 1987இல் அவர் எக்ஸ்ரே ஃபிலிம்களை ஒட்டி ஒரு வீட்டின் வடிவம் செய்தார். நம் ஊரில் பழைய எக்ஸ்ரேயை என்ன செய்வோம்? கட்டிலுக்கடியில் சொருகி வைப்போம், கிரகணத்தன்று எடுத்துச் சூரியனைப் பார்ப்போம் (பார்க்கக் கூடாது, கண் போய்விடும்). அவர் சுவர் எழுப்பினார். இந்த நோயில் ரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்து சிறு குழாய்களில் அடைத்துக்கொள்ளும். ரத்தம் போகாத எலும்பு செத்துவிடும். தொடை எலும்பின் உருண்டைத் தலை நசுங்கிப்போகும். முதுகெலும்புக் கட்டைகள் நடுவில் குழிந்து மீன் வாய் போல ஆகும், நாங்கள் அதை அப்படித்தான் சொல்வோம். உன் தம்பியின் நோய்க்கும் இப்படி ஒன்று உண்டு: மண்டையோட்டுப் படத்தில் முடி குத்திட்டு நிற்பது போலக் கோடுகள் தெரியும். ஒழுங்காக ரத்தம் ஏற்றினால் அது வராது. காலண்டரில் வட்டம் போடும் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்தது. இடத்தின் பெயர் வேண்டாம். நள்ளிரவில் கறுப்பு இளைஞர் ஒருவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இடுப்பெலும்புப் படம் எடுக்க வேண்டும். “அசையாதீர்கள்” என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூச்சைக்கூடச் சின்னச் சின்னதாகத்தான் விட்டுக்கொண்டிருந்தார். கூட வந்தவர் என் காதருகே வந்து, “மார்ஃபினுக்காக நடிக்கிறார் போலிருக்கிறது” என்றார். படம் திரையில் வந்தது. தொடை எலும்பின் தலை மிதிபட்ட பிஸ்கட் மாதிரி இருந்தது. நான் திரையைத் திருப்பிக் காட்டினேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை. 2021 நவம்பரில் இந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் குழு ஒன்று இது பற்றி அறிக்கை வெளியிட்டது. அதற்குப் பெயர், ‘எவரும் கேட்பதில்லை’. வலியில் வருகிறவர்களைப் போதைக்கு வந்தவர்களாக நினைப்பது, அதில் நிறத்தின் பங்கு, எல்லாம் அதில் இருக்கிறது.

உங்கள் டாக்டர் அப்பாவிடம் கேட்ட கேள்வி இங்கே அச்சடித்த படிவமாக இருக்கிறது. நான் கர்ப்பமாக இருந்தபோது அதை நிரப்பினேன். தாய் வழி எங்கிருந்து, தந்தை வழி எங்கிருந்து என்று டிக் போட வேண்டும். அரிவாள் செல், தாலசீமியா இரண்டுக்கும் பரிசோதனை செய்வதற்காக. பேனா ஒரு நிமிடம் நின்றது. ஆனால் அந்தப் படிவத்தால் பிழைத்த குழந்தைகளையும் எனக்குத் தெரியும். ரத்தம் கொடுக்கக் கறுப்பினத்தவர்கள் முன்வர வேண்டும் என்று இங்கே விளம்பரம் செய்கிறார்கள், ஏனென்றால் நோயாளிகளுக்குப் பொருந்தும் வகை அவர்களிடம்தான் அதிகம். இனம் என்று ஒன்று ரத்தத்தில் இல்லை, ஆனால் முன்னோர்கள் எந்த ஊர் மலேரியாக் கொசுவிடம் கடிபட்டார்கள் என்பது இருக்கிறது. உன் பேராசிரியரின் ‘பொருத்திவிடு’ இந்த இடத்தில் காலை வாரிவிடும்.

கடைசியாக உன் தம்பி. “என்னை எடுக்காதே, பாட்டிலை எடு” என்பதைப் படித்தவுடன் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ராட்னி 1990இல் பிளிமத்தில் ஒரு படைப்பு செய்தார், ‘விசெரல் கேங்கர்’. இரண்டு குலச் சின்னக் கேடயங்கள். ஒன்று முதலாம் எலிசபெத் ராணியுடையது. மற்றது ஜான் ஹாக்கின்ஸ் என்ற அடிமை வியாபாரியுடையது, அந்த ஊர்க்காரன். இரண்டையும் பிளாஸ்டிக் குழாய்களால் இணைத்து, பம்ப் வைத்து ரத்தம் ஓடவிட்டார். தன் சொந்த ரத்தத்தையே விட நினைத்தார், நகராட்சி சம்மதிக்காததால் நாடகத்துக்குப் பயன்படுத்தும் போலி ரத்தம். அதில் மனிதர் கிடையாது. முகம் கிடையாது. குழாயும் ரத்தமும்தான். ஆனால் அதைப் பார்த்தபின் அவருடைய உடம்பைத் தனியாகக் காட்ட வேண்டிய தேவையே இல்லை. உன் தம்பி தலையணைக்குள்ளிருந்து சொன்னதும் அதைத்தான். அவன் தடுக்கவில்லை, இயக்கியிருக்கிறான்.

போனை அவனிடம் கொடுத்துப் பார். ராட்னி தன்னைத் தானே எடுத்து வைத்திருந்ததால்தான் அகோம்ஃப்ராவுக்கு அந்தப் படம் கிடைத்தது.

கூடலூர்_சாரல்

ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இலக்கியம் பக்கம்தான் இங்கே வருவேன், சிக்கிள் செல் (அதுதான் அரிவாள் செல்) என்ற பேச்சைப் பார்த்ததும் உள்ளே வந்துவிட்டேன்.

இந்த நோய் லண்டன்காரர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கும் மட்டும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் நீலகிரியில் பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களில் உண்டு. இந்தியாவில் இதை முதலில் எழுதி வைத்ததே இந்த மலையில்தான். 1952இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தைச் சோதித்து பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அப்போது அவர்களுக்கு இருந்த ஆர்வம் மருந்து பற்றியதல்ல. ‘வேடர் இனம்’ என்று ஒன்றை வைத்துக்கொண்டு, இங்கிருப்பவர்களுக்கும் அரேபியா, ஆப்பிரிக்கா பக்கம் இருப்பவர்களுக்கும் பழைய உறவு இருக்குமா என்று பார்த்தார்கள். ரத்தத்தை வைத்து இனத்தைத் தேடினார்கள். இரண்டு வருடம் கழித்து ஆண்டனி ஆலிசன் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில், அரிவாள் குறையைப் பாதியாகச் சுமப்பவர்களை மலேரியா எளிதில் கொல்வதில்லை என்று காட்டினார். மலேரியா இருந்த இடம் என்றால் எங்கள் கூடலூர், வயநாடு எல்லாம் பட்டியலில் முன்னால் வரும். பின்னால் வந்த ஆய்வுகள் இங்கிருப்பதை அரபு-இந்திய வகை என்று தனியாகவே பிரித்துவிட்டன. தாலசீமியாவும் மலேரியாவின் சொந்தக்காரன்தான். தம்பியின் பாட்டியிடம் தாத்தாவை விட்டுவிட்டுக் கொசுவைத் திட்டச் சொல்லுங்கள்.

சோதனை மிக எளிது. ஒரு குழாயில் கரைசல், அதில் ஒரு சொட்டு ரத்தம். குழாய்க்குப் பின்னால் கறுப்புக் கோடு போட்ட அட்டையை வைப்போம். கோடு தெரிந்தால் பயமில்லை. கலங்கிப்போய்க் கோடு மறைந்தால் மேற்கொண்டு சோதிக்க வேண்டும். ஒருமுறை ஒரு பணியர் காலனியில் இப்படி வைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெரியவர் குழாயைத் தானே வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “எத்தனையோ பேர் வந்து எங்கள் ரத்தத்தை எடுத்துப் போனார்கள். என்ன தெரிந்தது என்று சொல்ல ஒருவரும் திரும்பி வரவில்லை. இதில் கோடு தெரிகிறதா இல்லையா, அதை நானே பார்க்கிறேன்” என்றார். தெரியவில்லை. இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டுக் குழாயை என்னிடம் கொடுத்தார்.

2023 ஜூலையில் ஒன்றிய அரசு சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஏழு கோடிப் பேரைச் சோதிப்பது இலக்கு. அந்தப் பெரியவரின் கேள்வியையும் அதில் எங்காவது எழுதி வைத்திருந்தால் நல்லது.

தம்பி, எடுத்ததைப் படமாக்கும் முன் உன் தம்பிக்குப் போட்டுக் காட்டிவிடு. 14 மணி நேரத்தையும்.

மூன்றாம்_பெஞ்ச்

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது, காரணம் புரிந்திருக்கும். வட்டம் போட்ட நாள் நேற்றுதான் வந்தது.

முதலில், போட்டுக் காட்டினேன். இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்தான். மூன்றே இடத்தில் “இது வேண்டாம்” என்றான். நான் அழகாக வந்ததாக நினைத்த இடங்கள் அந்த மூன்றும்தான்: ஊசி குத்தும்போது அவன் கண்ணை மூடுவது, அம்மா வராந்தாவில் அழுவது, மாத்திரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும்போது அவன் முகம் போகிற போக்கு. மூன்றையும் எடுத்துவிட்டேன். எடுத்தபோது வயிறு எரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று வார்டில் அக்கா சொன்னபடி போனை அவனிடம் கொடுத்தேன். வலது கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்ததால் இடது கையால் எடுத்தான், எல்லாம் சாய்வு. மின்விசிறி, பக்கத்துக் கட்டிலின் சக்கரம், நர்ஸ் அக்காவின் செருப்பு. பாட்டிலை மட்டும் நான்கு நிமிடம் அசையாமல் எடுத்திருக்கிறான். சொட்டு விழுவதை அவன் எண்ணுவது கேட்கிறது, எண்ணிக்கை தப்பும்போது மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறான். அதற்குப் பிறகு 22 நிமிடம் நான். நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்குகிறேன். நடுவில் ஒருவர் வந்து, “யாரப்பா இவர்?” என்று கேட்கிறார். “என் அண்ணன். எனக்குத் துணைக்கு வந்திருக்கிறான்” என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறான்.

பாட்டியையும் எடுத்தாயிற்று. கேள்வியை அவன்தான் கேட்டான். பதிலை இங்கே எழுதினால் எங்கள் வீட்டில் என்னைச் சேர்க்க மாட்டார்கள்.

ஒளிப்பதிவு என்று தன் பெயரைப் போட வேண்டுமாம். சம்பளமும் கேட்கிறான்.

பழைய_புரொஜக்டர்

கொடு. பேரம் பேசாதே.

22 நிமிடத்தில் ஒரு நொடிகூட வெட்டிவிடாமல் முதலில் இரண்டு ஹார்டு டிஸ்கில் நகல் எடு, ஒன்றை வேறு வீட்டில் வை. 20 நிமிடப் படத்தில் 22 நிமிடத் தூக்கம் அடங்காது என்று உன் பேராசிரியர் சொல்வார். நேரத்தைக் கூட்டிக் கேள். தராவிட்டால் கோவைக்குக் கொண்டு வா, வாடகை இல்லாமல் அரங்கம் பிடித்துத் தருகிறேன். வழக்கம்போல எட்டுப் பேர் வருவார்கள்.